ரேடியேட்டரில் கிண்டிய களி

இஞ்சின் சூடாவதற்கு நூறு காரணம் சொல்வார்கள். தண்ணீர் குறைவு, பெல்ட் தளர்வு, குழாயில் அடைப்பு, மேட்டு ரோடு, வெயில். நாற்பது வருஷம் பழைய கார்களோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன், முதல் காரணம் இது எதுவும் இல்லை. வண்டியைத் தொடுகிறவனின் திமிர்தான் முதல் காரணம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

அந்தத் திமிர் எனக்கு இருபத்திரண்டு வயதில் நிறைய இருந்தது. இப்போதும் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். அவள் கிடக்கட்டும்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் ஆஸ்டின் டவுனில் இருந்தோம். நான் காதர் பாய் கேரேஜில் மெக்கானிக். என் அண்ணன் மாணிக்கம் கண்டோன்மென்ட் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கும் கூலி. அது வாரத்தில் ஆறு நாள். ஏழாவது நாள் அவன் எங்கள் ஏரியா புட்பால் டீமின் கோல்கீப்பர். அவன் கோலில் நின்றால் எதிர் டீம்காரன் பந்தை உதைப்பதற்கு முன்பே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வான். அப்படிப்பட்ட கை.

அந்தக் காலத்தில் பெரிய பாக்டரிகளில் பந்து விளையாடுகிறவர்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுப்பார்கள். அப்படி ஒரு பாக்டரியின் ஆபீசர், கோலார் தங்கவயலில் நடக்கும் பைனலைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. கோல்கீப்பர் மாணிக்கத்தைப் பார்க்கத்தான் வருகிறார் என்றும் சொன்னார்கள். நன்றாக விளையாடினால் நிரந்தர வேலை. மூட்டை கிடையாது. காக்கி உடுப்பு, கேன்டீன் சாப்பாடு. எங்கள் அம்மா மூன்று கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். ஒரு சர்ச்சுக்கும் மெழுகுவத்தி கொடுத்து அனுப்பினாள். (எந்தப் பக்கமும் விட்டு வைக்கவில்லை.)

டீம் மொத்தமும் காலை ரயிலில் போவதாக ஏற்பாடு. நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"ரயில்ல நின்னுகினே போனா கால் மரத்துப் பூடும். எங்கண்ணன நான் கார்ல இட்டாறேன்" என்றேன்.

கேரேஜில் ஒரு ரிட்டயர்ட் டாக்டரின் கார் நின்றுகொண்டிருந்தது. யுத்தத்துக்கு முந்தைய இங்கிலீஷ் கார். கறுப்பு. முன்னால் ரேடியேட்டர் சின்னக் கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதன் தலையில் பித்தளை மூடி. டாக்டருக்குப் புட்பால் பைத்தியம் உண்டு. "கோல்கீப்பருக்குன்னா எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். பாவம், நல்ல மனுஷன்.

டீம் கேப்டன் ஜோசப்புக்கு மட்டும் பிடிக்கவில்லை. "மாணிக்கம், நீ எங்க கூட ரயில்ல வந்துரு. உன் தம்பிய நம்பாத. அவன் கோவத்துல வண்டிய ஓட்டுவான்" என்றான்.

"நான் கோவத்துலதான் ஓட்டுவேன். ஆனா நேரத்துக்குப் போவேன்" என்றேன் நான்.

அண்ணன் என் முகத்தையும் ஜோசப் முகத்தையும் பார்த்தான். தம்பிக்காக என் பக்கம் வந்தான். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தப்பு அதுதான்.

அந்தக் காரின் ரேடியேட்டரில் ஒரு கசிவு இருந்தது. சொட்டுச் சொட்டாக. சனிக்கிழமை காதர் பாய் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு சின்ன ஸ்பூன் ஹல்தி போடுரே. சொட்டு நிக்கும். சண்டே போயிட்டு வா. மண்டே இறக்கி ஈயம் வெச்சிரலாம்."

ஹல்தி என்றால் மஞ்சள் தூள். கசிகிற இடத்தில் தூள் போய் அடைத்துக்கொள்ளும். பழைய மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். நான் போட்டேன். சொட்டு குறைந்தது. முழுதாக நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தேன். தரையில் ஈரம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஒரு சின்ன ஸ்பூன் மஞ்சளாம். இது என்ன சாம்பாரா? வீட்டுக்குள் போனேன். அம்மா அப்போதுதான் கேழ்வரகு அரைத்து மாவைச் சலித்து வைத்திருந்தாள். எனக்கு மூளை வேலை செய்தது. களி கிண்டிய பானையை அம்மா எத்தனை நாள் தேங்காய் நாரை வைத்துச் சுரண்டியிருக்கிறாள்! களியை விட ஒட்டுகிற சாமான் உலகத்தில் உண்டா? வெள்ளைக்காரனுக்குக் கேழ்வரகு தெரியாது. தெரிந்திருந்தால் அவன் புத்தகத்திலேயே எழுதியிருப்பான்.

இரண்டு ஆழாக்கு எடுத்தேன்.

"எதுக்குடா மாவு?" என்றாள் அம்மா.

"அண்ணன் வேலைக்கு" என்றேன்.

அவள் பிரசாதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது ஆழாக்கைத் தானாகவே அளந்து போட்டாள்.

மூன்று ஆழாக்கையும் தண்ணீரில் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றினேன். கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிட்டேன். கசிவு நின்றுவிட்டது. ஒரு சொட்டு இல்லை! நான் இன்றைக்கும் சொல்கிறேன், கசிவை நிறுத்துவதில் கேழ்வரகை அடிக்க ஒன்றும் கிடையாது. அந்த வேலையை அது சுத்தமாகச் செய்தது. பிரச்சினை அங்கே இல்லை.

பத்து மணிக்குக் கிளம்பினோம். நான்கு மணிக்கு மேட்ச். அறுபது மைல். அண்ணன் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தான். கிருஷ்ணராஜபுரம் தாண்டும்போது மூக்கை உறிஞ்சினான்.

"எங்கியோ களி கிண்டறாங்கடா. பசிக்குது."

"இந்தப் பக்கம் எல்லா வீட்லயும் களிதான்" என்றேன். அது உண்மை. கோலார் போகிற வழி முழுக்கக் கேழ்வரகுக் காடு. அங்கே களி வாசனை வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

ஹொசகோட்டை வந்தது. அங்கேயும் களி வாசனை.

"நல்லா கிண்டறாங்க" என்றான் அண்ணன்.

அந்த இடத்தில்தான் முதல் தடவை மூடியின் ஓரத்தில் ஆவி வந்தது. நிறுத்தினேன். சாலையோரக் கிணற்றில் தண்ணீர் இறைத்து, கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றினேன். "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றேன். கிளம்பினோம். ஆறு மைல் தாண்டி மறுபடி ஆவி. மறுபடி தண்ணீர். "ஹொசகோட்டைத் தண்ணி சரியில்ல. உப்பு" என்றேன். அடுத்த தடவை மேட்டைத் திட்டினேன். அதற்கு அடுத்த தடவை டாக்டரைத் திட்டினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரில் தண்ணீரைச் சுற்றிவிட பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் தானாகக் கீழே இறங்கும். அந்த ஓட்டத்தில்தான் இஞ்சின் பிழைக்கிறது. தண்ணீர் தண்ணீராக இருக்கும் வரைக்கும் அது நடக்கும். கூழான பிறகு எங்கே ஏறும், எங்கே இறங்கும்? நின்ற இடத்திலேயே நின்று கொதிக்கும். களி எப்படிக் கிண்டுவார்கள்? கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டு, பதம் பார்த்துத் தண்ணீர் தெளித்துக் கிண்டுவார்கள். நான் அதைத்தான் மைலுக்கு மைல் செய்துகொண்டிருந்தேன். துடுப்பு மட்டும்தான் குறைச்சல். பழைய மெட்ராஸ் ரோட்டின் குழிகள் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தன.

நரசாபுரம் தாண்டியதும் ஆவி நின்றுபோனது.

"பாத்தியா! ஆவி போச்சு! நான் சொன்னேன் இல்ல?" என்று ஸ்டியரிங்கைத் தட்டினேன்.

அண்ணன் சிரித்தான். "நீ மெக்கானிக்குதான்டா" என்றான். அந்த ஐந்து நிமிஷம் நான் ராஜா.

ஆவி போகவில்லை. ஆவி வெளியே வருகிற சின்னக் குழாய் களியால் அடைத்துக்கொண்டது. மூடியின் ஓரமும் பூசி மெழுகியது போல ஆகிவிட்டது. உள்ளே ஒரு பிரஷர் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே நான் ராஜா மாதிரி உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தேன்.

கோலாருக்கு நாலு மைல் முன்னால் இஞ்சின் இழுக்காமல் திணறி, ஒரு டீக்கடை முன்னால் நின்றேவிட்டது. மணி ஒன்றரை. அண்ணன் இறங்கினான். நானும் இறங்கினேன்.

"நீ தூரம் போ. உன் கை எனக்கு வேணும்" என்றேன். அந்த அளவுக்கு எனக்குப் பொறுப்பு இருந்தது. (இதை யாரும் சொல்வதில்லை.) அண்ணன் காருக்கு முன்னால் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டான். நான் சாக்குத் துணியை மடித்துப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மூடியைத் திருகினேன்.

'டொப்' என்று ஒரு சத்தம். சாக்கு ஒரு பக்கம் பறந்தது. மூடி ஒரு பக்கம் பறந்தது. களி எல்லாப் பக்கமும் பறந்தது.

இனி நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மூடி உயரமாகப் போய், வளைந்து, அண்ணனின் வலது தோளுக்கு மேலே இறங்கியது. வேறு எவனாக இருந்தாலும் ஒதுங்கியிருப்பான். என் அண்ணன் கோல்கீப்பர். அவன் யோசிக்கவில்லை. இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து, எம்பி, வலது கையால் ஒரே பிடி. அவன் பிடித்த பந்துகளிலேயே அவ்வளவு அழகான பிடியை நான் பார்த்ததில்லை.

"சபாஷ்!" என்று கத்திவிட்டேன். (ஆமாம், சொன்னேன். மறைக்கவில்லை.)

பிடித்ததை நழுவவிடக்கூடாது என்பது கோல்கீப்பரின் பழக்கம். கொதிக்கிற பித்தளையை அவன் ஒரு முழு நொடி இறுக்கிப் பிடித்திருந்தான். அப்புறம்தான் அலறினான்.

டீக்கடைக்கார அம்மாள் ஓடிவந்தாள். பேனட் மேலே களி. கண்ணாடி மேலே களி. என் சட்டை, தோள், தலைமுடி எல்லாம் களி. அந்த அம்மாள் ஒரு உருண்டையை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

"அய்யோ சிவனே! காரொளகெ முத்தே மாடிதீரா?" என்றாள். காருக்குள் களி கிண்டினீர்களா என்று கன்னடத்தில் கேட்கிறாள். அங்கே முத்தே என்றால் களி. அவள் அதோடு விடவில்லை. "உப்பு ஹாக்கிதீரா?"

உப்புப் போட்டீர்களாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவள்தான் அண்ணன் கையில் இட்லி மாவை அப்பி, வாழையிலையைச் சுற்றி, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டாள். அதனால் சும்மா இருந்தேன்.

அண்ணன் கார் ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"வழியெல்லாம் வாசன வந்துச்சே. அது இதுதானா?"

"ஒழுகறது நின்னுச்சுண்ணா" என்றேன்.

காரை அங்கேயே விட்டுவிட்டோம். தங்கவயலுக்கு மரம் ஏற்றிக்கொண்டு போகிற லாரி கிடைக்கவே மூன்று மணி ஆகிவிட்டது. மரக்கட்டைகள் மேலே உட்கார்ந்து போனோம். நான் வழி முழுக்கப் பேசினேன். காதர் பாய் மஞ்சளைச் சரியாக அளந்து சொல்லவில்லை என்றேன். மூடியை எவன் பித்தளையில் செய்யச் சொன்னது என்றேன். அம்மா எதற்கு மூன்றாவது ஆழாக்கைப் போட்டாள் என்றேன்.

பேத்தமங்கலம் கிட்டத்தில் அண்ணன் சொன்னான்.

"வேலு. வேலை பூட்ச்சுன்னா பூட்ச்சு. நாளிக்கு மூட்டை தூக்கணும்டா நானு. இந்தக் கைய வெச்சிகினு எப்பிடித் தூக்கறது?"

நான் என் சட்டையில் காய்ந்த களியைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது ஆட்டம் தொடங்கி அரைமணி ஆகியிருந்தது. எங்கள் டீம் பத்து பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. கோலில் ஜோசப். ஜோசப் நல்ல கேப்டன், ஆனால் பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வான். இரண்டு கோல் வாங்கியிருந்தான். அண்ணன் ரெப்ரீயிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

"கை இன்னா ஆச்சு?" என்றான் ஜோசப்.

"காரு."

"காரு கடிச்சிதா?"

கூட்டத்தில் எல்லாம் சுரங்கத் தொழிலாளிகள். எங்கள் பூர்வீகப் பக்கத்து வட ஆற்காட்டு ஆட்கள்தான். ஆனால் அன்றைக்கு எதிரிகள். "டேய், வாழையில கட்டிகினு வந்துகிறான்டா! சாம்பார் எங்கப்பா?" என்று ஒருத்தன் கத்தினான். மைதானமே சிரித்தது.

அண்ணன் இடது கையாலும் நெஞ்சாலும் தடுத்தான். முடியாத நேரத்தில் முன்னால் ஓடிவந்து பந்தைக் காலால் உதைத்து அனுப்பினான். அவன் உதைத்த உதையில் என்மேல் இருந்த கோபம் மொத்தமும் இருந்தது. பந்து ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பக்க கோலுக்குக் கிட்டத்தில் போய் விழுந்தது. அதில் ஒன்றை எங்கள் ஆள் தலையால் முட்டி கோலாக்கினான். இரண்டுக்கு ஒன்று.

பிறகு வலது பக்கம் ஒரு பந்து வந்தது. சாதாரணப் பந்து. குழந்தை பிடிக்கும். அண்ணன் வலது கையை நீட்டினான், சுட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். பந்து உருண்டு உள்ளே போனது.

ஷாமியானாவில் தொப்பி போட்ட பாக்டரி ஆபீசர் உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். கிளம்பப் போகிறார்.

நான் ஓடினேன். நேரே ஷாமியானாவுக்குள் புகுந்தேன். தலைமுடியில் காய்ந்த களியோடு அவர் முன்னால் போய் நின்று கத்தினேன்:

"சார்! போவாதீங்க! அவன் கை மேல தப்பு இல்ல! தப்பு என்னுது! நான்தான் ரேடியேட்டர்ல கேவுரு மாவப் போட்டு களி கிண்டிட்டேன்! அது வெடிச்சி மூடி பறந்துச்சு, எங்கண்ணன் அதையும் பிடிச்சான் சார்! கொதிக்கிற மூடிய! ஒத்தக் கையில!"

என் குரல் நான்கு பக்கத்திலிருந்தும் எனக்கே திரும்பி வந்தது. அப்போதுதான் பார்த்தேன். மேஜை மேலே ஆட்டத்தை அறிவிக்கிற மைக். அறிவிப்பாளர் டீ குடிக்க வாயை எடுத்திருந்தார். மைக்கை அணைக்கவில்லை.

அப்புறம் ஆயிரம் பேர் சிரித்த சத்தம் இருக்கிறதே, சுரங்கத்துக்கு அடியில் வேலை செய்தவனுக்குக்கூடக் கேட்டிருக்கும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ரெப்ரீ விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "மூணு ஆழாக்குக்கு எத்தினி பேர்டா சாப்பிடலாம்?" என்று எங்கள் டீமிலேயே எவனோ கத்தினான். (அளவு அவனுக்கு எப்படித் தெரிந்தது? ஜோசப்பிடம் அண்ணன் சொல்லியிருக்கிறான். துரோகி.)

ஆபீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "ராகியா? ரேடியேட்டர்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆட்டம் முடியும் வரை இருந்தார். நாங்கள் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். அவர் கோல்போஸ்ட் வரை நடந்து போய் அண்ணனின் கையைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்.

"கோல்கீப்பர் நம்ம கிட்ட இருக்கான், பிடு. ஆ காலு பேக்கு நமகெ" என்றார். கோல்கீப்பர் விஷயத்தை விடு, அந்தக் கால் எங்களுக்கு வேண்டும் என்கிறார். "கை ஆறினதும் வா. புல்பேக் ஆடு."

அண்ணன் அந்தப் பாக்டரியில் சேர்ந்தான். பதினோரு வருஷம் அவர்கள் டீமில், கோலுக்கு முன்னால் நின்று பந்தை உதைத்துத் தள்ளும் புல்பேக்காக ஆடினான். வேலையில் ரிட்டயர் ஆகும் வரை இருந்தான். என் களி இல்லையென்றால் அவன் அன்றைக்குக் கையால் பிடித்திருப்பான், காலால் உதைத்திருக்க மாட்டான். ஏற்கெனவே கோல்கீப்பர் வைத்திருந்த பாக்டரி அவனை எதற்கு எடுக்கும்? இந்தக் கணக்கை எங்கள் வீட்டில் எவனும் ஒப்புக்கொள்வதில்லை. வேலை வாங்கிக் கொடுத்தது நான். கோயிலுக்கு மட்டும் பொங்கல் வைத்தார்கள்.

டாக்டரின் காரைக் கட்டி இழுத்து வந்தோம். காதர் பாய் ரேடியேட்டரைக் கழற்றி என் முன்னால் வைத்தார். "க்யாரே, ஹல்தி போடச் சொன்னா சாப்பாடே போட்டு வெச்சிருக்கே? இப்ப நீயே தின்னு" என்றார். ஒன்பது நாள், குடைக்கம்பியை வைத்துக் குழாய் குழாயாகக் குத்திக் குத்திச் சுத்தம் செய்தேன். நான்காம் நாள் அது புளித்துவிட்டது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

பிறகு நான் சொந்தமாக கேரேஜ் வைத்தேன். என் பெயரில்தான் போர்டு. இரண்டு தடவை பெரிதாக மாற்றி எழுதினேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆஸ்டின் டவுனில் யாரைக் கேட்டாலும் 'களி கேரேஜ்' என்றுதான் வழி சொல்வார்கள். தபால்காரரும் அந்தப் பெயரில் வருகிற கடிதத்தை என்னிடம்தான் கொடுப்பார். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவள் பெரியப்பா என்னை அறிமுகம் செய்த விதத்தை இங்கே சொன்னால் எனக்கு மறுபடி கோபம் வரும்.

அண்ணன் இப்போது தினமும் காலையில் கேரேஜுக்கு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்கிறான். பேப்பர் படிக்கிறான், என் டீயைக் குடிக்கிறான், வருகிறவர்களிடம் என்னைப் பற்றிப் பேசுகிறான். சூடாகிப் போன வண்டி வந்து நின்று, நான் சாக்குத் துணியை எடுத்தால் போதும். பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சுவர் ஓரமாகப் போய், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு நிற்பான்.

"ஏண்ணா, அவ்ளோ பயமா என்மேல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உன்மேல இல்லடா. மூடி பறந்தா இந்தக் கை சும்மா இருக்காது."